யாரும் கேட்காத ஞாயிறு

"யாருமே கல்யாணம் வைக்காத நாள் ஒண்ணு வேணும் சார். கிடைக்குமா?"

எங்கள் அலுவலகத்தில் நிரல் எழுதுபவர் இப்படிக் கேட்டதும், மண்டப மேலாளர் கையிலிருந்த காபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன் தம்பி. நல்ல நாள் கேட்டு வராதவங்க கிடையாது. கெட்ட நாள் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

"கெட்ட நாள் இல்ல சார். யாருக்கும் வேண்டாத நாள்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே அவர் கைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை மூக்கருகே கொண்டுபோய், கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு ஒரு தேதியில் விரலை வைத்தார்.

"ஆடி மாசம். தேய்பிறை அஷ்டமி. ஞாயித்துக்கிழமை. மண்டபத்தைச் சும்மா குடுத்து, சாப்பாடும் நாமளே போட்டாலும் ஒருத்தரும் வர மாட்டாங்க. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டோம். அறையில் இருந்த எல்லோரும் தலையை ஆட்டினோம். சென்னையிலிருந்து வீடியோவில் கலந்துகொண்ட எங்கள் மேலதிகாரியும் ஆட்டினார். அதே ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும், வேறு எந்த நாளும் ஆகாது என்று பாலக்கரையில் ஒரு குடும்பம் தவிக்கப்போகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து தில்லைநகருக்கு வேலைக்குப் போய்வருகிறவள். ஐம்பதை நெருங்குகிறேன். வீட்டில் ரசப்பொடி டப்பாவில்கூட அரைத்த தேதி ஒட்டியிருக்கும் என்றால் என் குணம் புரிந்துவிடும். வணிக நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியின் திருச்சிக் கிளையில், செய்த மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா, சுணக்கமில்லாமல் ஓடுகிறதா, கூப்பிட்ட நேரத்தில் எழுந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது என் பொறுப்பு. "கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்" என்று என் கொழுந்தனார் விசேஷ வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. வாட்ச்மேன் இல்லாத அடுக்குமாடியில் குடியிருந்து பார்த்தால் தெரியும்.

அந்த ஆண்டு எங்களிடம் வந்த வேலை கல்யாண மண்டபங்களுக்கான ஆப். ஒரே குடும்பத்துக்குச் சொந்தமான ஆறு மண்டபங்கள். பாலக்கரையில் ஒன்று, முசிறியில் ஒன்று, மற்றவை இடையில் அங்கங்கே. ஒருமுறை ஒரே முகூர்த்தத்தை இரண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண் வீட்டாரும் வாசலில் சீர்வரிசைத் தட்டோடு நின்ற கதை அவர்களுக்கு உண்டு. அதனால் ஆப் வந்தபிறகு போனில் தேதி கொடுப்பதில்லை, சொந்தக்காரர்கள் கேட்டாலும் ஆப்பில்தான் என்று முதலாளி முடிவு செய்திருந்தார். மேலாளர்கூடத் திரையைப் பார்த்துப் பதில் சொல்லலாமே தவிர, தேதியைத் தூக்கி ஒருவருக்குக் கொடுக்க முடியாது.

ஆப்பின் வேலை எளிமையானது. மண்டபத்தையும் தேதியையும் தேர்ந்தெடுத்து "பிடித்து வை" என்று அழுத்தினால், அந்தத் தேதி பத்து நிமிடம் உங்களுக்கு. அதற்குள் முன்பணம் கட்டினால் மண்டபம் உறுதி. கட்டாவிட்டால் தேதி தானாக விடுபட்டு அடுத்தவருக்குப் போகும். நடுவில் மனம் மாறி வெளியேறினாலும் அந்தப் பத்து நிமிடம் முடிந்தபிறகுதான் விடுபடும். அது முதலாளி கேட்டுக்கொண்ட ஏற்பாடு. ஆள் வெளியே போய் அப்பாவிடம் கேட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் தேதி போய்விட்டால் சண்டை வரும் என்றார்.

இது சரியாக நடக்கிறதா என்று பார்க்க, நிரல் எழுதுபவர் ஒரு சின்ன நிரல் எழுதினார். அது ஒரு வாடிக்கையாளரைப் போலவே ஆப்புக்குள் நுழையும், மண்டபத்தைத் தேர்ந்தெடுக்கும், தேதியைப் பிடித்துவைக்கும், பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டுத் திரும்பிவரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளும். எங்காவது வழி அடைபட்டிருந்தால் சிவப்பு காட்டும். நாங்கள் அதற்கு ரோந்து என்று பெயர் வைத்தோம். ரோந்து பிடிப்பதற்குத்தான் யாருக்கும் வேண்டாத ஒரு நாள் தேவைப்பட்டது. பாலக்கரை மண்டபமும் ஆடி அஷ்டமி ஞாயிறும் அதற்கு ஒதுக்கப்பட்டன. மற்ற ஐந்து மண்டபங்களின் பக்கத்தை ரோந்து திறந்து பார்ப்பதோடு சரி.

இந்த ரோந்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எழுதியவர் அவராக இருந்தாலும். பொதுவாக எங்கள் தொழிலில் சோதனைக் காலத்தில் ஒரு குழு பார்க்கும். ஆப் லைவுக்கு, அதாவது மக்கள் பயன்பாட்டுக்கு, போனதும் அந்தக் குழு தன் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். பிறகு வேறொரு குழு வேறு கருவிகளோடு வந்து, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். சர்வர் உயிரோடு இருக்கும்; வாடிக்கையாளர் பாதி வழியில் நின்றுகொண்டிருப்பார். பிள்ளையை ஐந்தாம் வகுப்பு வரை பார்த்துக்கொண்ட ஆசிரியரின் குறிப்புகளைக் கிழித்துப்போட்டுவிட்டு ஆறாம் வகுப்பில் சேர்ப்பது போன்றது அது. நான் சென்னைத் தலைமை அலுவலகத்தோடு மூன்று கூட்டங்களில் வாதாடினேன். சோதனையில் எது பார்த்ததோ அதுவே லைவிலும் பார்க்க வேண்டும். அப்போதுதான் இன்றைய வேகத்தை அன்றைய வேகத்தோடு ஒப்பிட முடியும் என்றேன்.

சோதனைக் காலத்தில் ரோந்து தன் தகுதியைக் காட்டியும் இருந்தது. முசிறி மண்டபத்தின் பக்கம் மட்டும் திறக்கத் திணறியது. சர்வரைக் குறை சொல்லி சென்னைக்காரர்கள் ஒரு வாரம் பேசினார்கள். ரோந்தின் குறிப்பைப் பிரித்துப் பார்த்தால், தாமதம் முழுவதும் ஒரே ஒரு படத்தில் இருந்தது. முதலாளியின் மகன் டிரோன் விட்டு எடுத்த படம். காவிரி, வாழைத்தோப்பு, மண்டபம் எல்லாமும் அதில் தெரிந்தன, ஒரு ஆளுயரச் சுவருக்கு அச்சடிக்கும் அளவில். படத்தைச் சுருக்கினோம். சென்னை மேலதிகாரி, "சரிங்க மேடம், உங்க ரோந்தையே லைவுக்கும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கூட்டிப்போனோம். சோதனையில் காலை ஒருமுறை மாலை ஒருமுறை சுற்றிய ரோந்து, லைவில் கால்மணிக்கு ஒருமுறை சுற்ற ஆரம்பித்தது. எங்கள் அறைச் சுவரில் ஒரு திரையை மாட்டி, ஆறு மண்டபங்களுக்கும் ஆறு வரிசையில் பச்சைப் புள்ளிகள் வரும்படி செய்தோம். பங்குனி, சித்திரை முகூர்த்தங்கள் சொல்லிவைத்ததுபோல நடந்தன. ஆப் ஒருமுறைகூட விழவில்லை. மண்டப மேலாளர் வழியில் என்னைப் பார்த்தால், "இப்பல்லாம் மதியம் தூங்கறேன் மேடம்" என்பார்.

ரோந்து ஒருமுறை தோற்றால் அது எங்களுக்கு அலர்ட் அனுப்பாது. அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றால்தான் சென்னையில் மணி அடிக்கும். ஒற்றைச் சிவப்பு என்பது எங்கோ ஒரு நொடி இணையம் தடுக்கியதாக இருக்கலாம் என்பதால் எல்லா இடத்திலும் இப்படித்தான் வைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் மணி அடிக்காத சிவப்பையும் திங்கட்கிழமைதோறும் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். யாரும் கேட்டதற்காகப் பார்ப்பதில்லை. பெருக்கிய வீட்டில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதுபோல.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, பாலக்கரை வரிசையில் ஒற்றைச் சிவப்புகள் சில தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் அடுத்த புள்ளி பச்சை.

"நெட்வொர்க் மேடம்" என்றார் நிரல் எழுதுபவர். அவர் முப்பதைத் தாண்டியவர், பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர், எதற்கும் பதறாதவர். "வந்துச்சு, போயிடுச்சு. மழைக்காலத்து ஜலதோஷம் மாதிரி."

"சாயங்காலத்துல மட்டும் வர்ற ஜலதோஷமா?"

அவர் திரையைப் பார்த்தார். எல்லாச் சிவப்பும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தை ஒட்டியே இருந்தன. மற்ற ஐந்து மண்டபங்களில் அந்த நேரத்தில் ஒன்றுமில்லை.

"நெட்வொர்க்குக்கு நேரம் பார்க்கத் தெரியாதுப்பா" என்றேன். "இது யாரோ ஒரு மனுஷன்."

அந்த வாரம் வேறு வேலைகள் இருந்தன. வியாழக்கிழமைதான் முழுவதுமாக உட்கார முடிந்தது. ரோந்து தோற்ற ஒவ்வொரு தருணத்திலும் அந்தத் தேதி யார் கையில் இருந்தது என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். அவர் தட்டச்சு செய்தார். ஒரு வாடிக்கையாளர் எண் வந்தது. அடுத்த தருணம், அதே எண். அடுத்ததும் அதே எண். அந்த வாடிக்கையாளர் மாலைதோறும் ஆப்புக்குள் வந்திருக்கிறார். பெரும்பாலான நாட்களில் "இந்தத் தேதியை வேறொருவர் பிடித்து வைத்துள்ளார்" என்ற வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். எப்போதாவது தேதி கையில் கிடைத்தபோது பத்து நிமிடத்துக்குள் பணம் கட்ட முடியாமல் விட்டிருக்கிறார். மறுபடி வந்தால் மறுபடி வேறொருவர்.

அந்த வேறொருவர் நாங்கள்தான். கால்மணியில் பத்து நிமிடம் எங்கள் ரோந்து அந்தத் தேதியைக் கையில் வைத்திருந்தது. மிச்சமிருந்தது ஐந்து நிமிட இடைவெளி. அந்த மனிதருக்குத் தேதி கிடைத்த பொழுதெல்லாம் எங்களுக்குச் சிவப்பு. எங்கள் சுவரில் பச்சை எரிந்த நேரமெல்லாம் அவருக்கு வழி அடைத்திருந்தது.

"ஆடி அஷ்டமியில யாரு மேடம் கல்யாணம்..." என்று ஆரம்பித்த நிரல் எழுதுபவர் பாதியில் நிறுத்தினார். நாற்காலியை மேசையிலிருந்து மெல்லத் தள்ளினார்.

"பாய் வீடு" என்றார். "பாலக்கரை மேடம். ஆடியில நானே எத்தனை கல்யாணத்துல பிரியாணி சாப்பிட்டிருக்கேன். எங்க தெருவுலயே எத்தனை. அன்னிக்கு அந்த ரூம்ல ஒக்காந்துகிட்டு எனக்கு ஏன் தோணல?"

எனக்கும் தோன்றவில்லை. சோதனைக்காக நாங்கள் கற்பனையாக நடத்திய கல்யாணங்கள் எல்லாவற்றிலும் முகூர்த்த நேரம் என்ற கட்டத்தை நிரப்பியிருந்தோம். அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. வாடிக்கையாளரின் போன் எண்ணைப் பார்க்க எங்களுக்கு உரிமை கிடையாது. மண்டப மேலாளருக்கு உண்டு. அவரைக் கூப்பிட்டு வாடிக்கையாளர் எண்ணைச் சொன்னதும் தயங்காமல் பதில் வந்தது.

"அட, அந்தப் பொண்ணா? அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்து எங்கிட்ட நின்னுச்சே. நான் திரையைப் பார்த்தேன். வேற யாரோ புடிச்சு வச்சிருக்காங்கம்மா, விடாம பாருன்னு சொல்லி அனுப்பினேன். நான் என்ன பண்றது, என் கையில என்ன இருக்கு?" கொஞ்சம் நிறுத்தி, "ஏன் மேடம், அந்தப் போட்டிக்காரன் யாருன்னு தெரிஞ்சிடுச்சா?" என்றார்.

"தெரிஞ்சிடுச்சு சார். அந்தப் பொண்ணை எனக்குப் பேசச் சொல்லுங்க."

அரைமணியில் பேசினாள். பாலக்கரையில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர், மணப்பெண் அவளேதான். அப்பா மஸ்கட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பக்ரீத் முடிந்து முஹர்ரம் பிறப்பதற்குள் நிக்காஹ் வைக்க வேண்டும். அப்பாவுக்குக் கிடைத்த விடுப்பில் வருகிற நாளையும் திரும்புகிற நாளையும் கழித்தால் மிஞ்சுவது அந்த ஒரு ஞாயிறு. பள்ளிவாசலை ஒட்டிய மண்டபங்கள் அன்றைக்கு வேறு நிக்காஹ்களுக்கு நிரம்பிவிட்டன.

"நாளைக்கு ஜும்மா முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டுல பதில் கேக்கறாங்க மேடம். மண்டபம் இல்லைன்னா நாலு மாசம் தள்ளி வச்சுக்கலாம்னு சொல்றாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா அப்ப அத்தாவால வர முடியாது. அத்தா இல்லாம எப்படி மேடம்?"

"கையில தேதி கிடைச்சப்ப ஏன்மா பணம் கட்ட முடியல?"

"கார்டு அத்தாவோடது. ஓ.டி.பி. அவங்க போனுக்குத்தான் போகும். வேலை நேரத்துல போனை லாக்கர்ல வச்சிடணும். டீ பிரேக்ல ஓடிப்போய் எடுத்துப் பார்த்து சொல்றதுக்குள்ள பத்து நிமிஷம் போயிடுது, பிரேக்கும் முடிஞ்சிடுது. மறுநாள் பார்த்தா அவங்க புடிச்சிடறாங்க."

"எவங்க?"

"அந்த இன்னொரு வீட்டுக்காரங்க. ராத்திரி பகல் தூங்கவே மாட்டாங்களோ என்னவோ, எப்பப் பார்த்தாலும் புடிச்சு வச்சிருக்காங்க மேடம். அத்தா தினமும் அவங்களைப் பத்தித்தான் பேசறாங்க."

நான் உண்மையைச் சொன்னேன். அது ஒரு இயந்திரம், எங்களுடையது, ஆப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வைத்தது என்றேன். "அப்ப அதை நிறுத்திடுங்களேன்" என்றாள். நியாயம்தான்.

லைவில் ஓடும் ஒன்றை நிறுத்தவோ மாற்றவோ சென்னையின் ஒப்புதல் வேண்டும். அந்த விதியைக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. அதை இன்றும் சரி என்றுதான் சொல்வேன். சென்னைக்குப் பேசினேன். மேலதிகாரி கூட்டத்தில் இருந்தார். அவர் இடத்தில் இருந்தவர் கோரிக்கை எழுதி அனுப்புங்கள், செவ்வாய்க்கிழமைக் குழுவில் வைக்கிறோம் என்றார். நாளைக்கு ஜும்மா என்றேன். செவ்வாய்தான் மேடம் குழு என்றார்.

நிரல் எழுதுபவர் என்னைப் பார்த்தார். "என் கையில சாவி இருக்கு மேடம். ரெண்டு நிமிஷம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"ரோந்து எப்ப விடும்னு நமக்குத் தெரியுமா தெரியாதா?"

அவர் முகம் மலர்ந்தது. ரோந்தைத் தொடவே தேவையில்லை. அது எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று உலகத்தில் எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. அதற்கு முன் ஒன்றை மட்டும் சரிபார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக வேறு யாராவது முயன்றிருக்கிறார்களா என்று ஆரம்பத்திலிருந்து தேடச் சொன்னேன். ஒருவரும் இல்லை. ஒருவருக்கு உதவுகிறேன் என்று இன்னொருவரின் வரிசையைத் தாண்ட எனக்கு விருப்பமில்லை.

அன்று மாலை ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டுவிட்டு அலுவலகத்தில் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே சாஸ்திரி ரோட்டின் நெரிசல். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் பெண், அவள் அம்மா, இன்னொரு போனில் வீடியோவில் அப்பா.

"அத்தா லைன்ல இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம். ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டு லாக்கர்லேர்ந்து போனை எடுத்துட்டு வந்துட்டாங்க."

தூரத்திலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. "யாரும்மா, மண்டபத்து மேடமா? சலாம் சொல்லு. வீடியோ கட் ஆனா ஆகட்டும், நேரா எனக்கு போன் போடு."

"வணக்கம் சொன்னேன்னு சொல்லும்மா. இப்ப யாரும் எதையும் அழுத்தாதீங்க. நான் சொல்லும்போது அழுத்துங்க."

"ராக்கெட் விடற மாதிரி இருக்கு" என்று நிரல் எழுதுபவர் முணுமுணுத்தார். அவர் கண் திரையை விட்டு அகலவில்லை. ரோந்து தேதியைப் பிடித்திருந்தது. அது விடும்வரை காத்திருந்தோம். பெண்ணின் அம்மா மெதுவாக ஏதோ ஓதிக்கொண்டிருந்தது கேட்டது. நிரல் எழுதுபவர் விரல் உயர்த்தினார்.

"இப்ப அழுத்தும்மா."

ஒரு மூச்சு நேரம்.

"புடிச்சிட்டேன் மேடம்."

"நல்லது. அவசரமில்ல, பத்து நிமிஷம் உன்னோடது. யாரும் எடுக்க முடியாது. கார்டு நம்பரைப் பார்த்துப் போடு."

அவள் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிச் சொல்லிப் போட ஆரம்பித்தாள். "சொல்லாதம்மா, மனசுக்குள்ள போடு" என்றேன். நிரல் எழுதுபவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அத்தா, வந்துச்சா?"

"வரல."

"இப்ப?"

"வரலம்மா. நீ கேட்டா மட்டும் வந்துடுமா?"

சுவர்த் திரையில் பாலக்கரை வரிசையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. அடுத்த சுற்றுக்கு வந்த ரோந்து வழியில்லாமல் திரும்பியிருந்தது. இத்தனை வருடத்தில் சிவப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒருமுறைதான்.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்றது மஸ்கட் குரல். "நாலு... இரு, கண்ணாடி எங்க வச்சேன்..."

"அத்தா, தலையில இருக்கு."

"ஆமா. நாலு, ஏழு..."

எண்கள் வந்து முடிந்தன. வங்கியின் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தை நான் பார்க்கவில்லை என்றாலும் எனக்குத் தெரியும்; எங்கள் குறிப்பில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றுகூடத் தெரியும். அன்று அது வழக்கத்தைவிட நீளமாகப் பட்டது. அளவில் அப்படி இல்லை, பிறகு பார்த்துவிட்டேன்.

"கன்ஃபர்ம்னு வந்துருச்சு மேடம்" என்றாள். "அம்மா அழுவறாங்க. நான் அப்பறம் பேசறேன்."

நிரல் எழுதுபவர் கீழே போய் இரண்டு டீ வாங்கிவந்தார். குடித்து முடிப்பதற்குள் அடுத்த சுற்றும் சிவப்பாயிற்று. எதிர்பார்த்தபடி மேசைப் போன் அடித்தது. சென்னை மேலதிகாரி, கூட்டம் முடிந்து வந்திருந்தார்.

"என்ன மேடம், பாலக்கரை டவுன்னு அலர்ட் வருது?"

"டவுன் இல்ல சார்" என்றேன். "பாலக்கரை புக் ஆயிடுச்சு."

முழுக் கதையையும் சொன்னேன். கடைசியில், "நானும் அன்னிக்குத் தலையை ஆட்டினேன் இல்ல?" என்று மட்டும் கேட்டார். "ஆட்டினீங்க சார்" என்றேன். செவ்வாய்க்கிழமைக் குழு அன்றிரவே தொலைபேசியில் கூடியது.

தீர்வு நாங்கள் சொன்னதுதான். லைவில் ஏழாவதாக ஒரு மண்டபத்தை உருவாக்கினோம். அதற்குச் சுவர் கிடையாது, சமையல்கட்டு கிடையாது, வாடிக்கையாளர் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் நிஜ மண்டபங்கள் ஓடுகிற அதே சர்வரில், அதே வழியில், அதே விதிகளோடு அது இருக்கிறது. ரோந்து அங்கேதான் சுற்றுகிறது. பஞ்சாங்கம் பார்க்காமல் எல்லா நாளும் பிடிக்கிறது, விடுகிறது. நிஜ மண்டபங்களின் பக்கத்தைத் திறந்து பார்க்கும், எதையும் பிடிக்காது. திரும்பிப்போன வாடிக்கையாளர்களுக்கென்று திரையில் தனி வரிசை ஒன்றும் போட்டோம். ஒரே ஆள் மறுபடி மறுபடி திரும்பினால், மற்ற எல்லாமும் பச்சையாக இருந்தாலும், அந்த வரிசை நிறம் மாறும். இப்போது எங்கள் கம்பெனி எந்த ஊரில் எந்த ஆப் செய்தாலும் இந்த இரண்டும் சேர்ந்தே போகின்றன. சென்னையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கும்போது "திருச்சி முறை" என்று சொல்கிறார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று வீட்டுக்கு வரும் வழியில், பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று ஊர்ந்தபோதுகூட எனக்கு எரிச்சல் வரவில்லை.

ஆடி பிறந்தது. பத்திரிகையோடு பெண்ணும் அம்மாவும் அலுவலகத்துக்கே வந்து அழைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் நிரல் எழுதுபவரும் மண்டப மேலாளரும் போனோம். ஊரில் வேறெந்த மண்டபத்தின் வாசலிலும் வாழைமரம் இல்லாத நாளில் அந்த மண்டபம் நிறைந்து வழிந்தது. அத்தர் வாசனை, குழந்தைகளின் ஓட்டம், நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டுகள் வரிசையாக. சைவத்துக்கு மாடியில் தனியாக இலை போட்டிருந்தார்கள்.

பெண்ணின் அப்பா வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். உயரமான மனிதர், புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. நிரல் எழுதுபவரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்" என்றார் என்னிடம். "அந்த இன்னொரு வீட்டுக்காரங்க என்ன ஆனாங்க? அவங்க கல்யாணம் எங்க வச்சிருக்காங்க?"

நான் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "சொன்னோம் மேடம். மெஷின்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

"நிஜமாவே மெஷின்தான் பாய்" என்றேன். "ஆப் வேலை செய்யுதான்னு பார்க்கறதுக்கு நாங்க வச்சது. இவர்தான் எழுதினார்."

அவர் நிரல் எழுதுபவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப நான் தொழுதுட்டு ஒக்காந்து துஆ கேட்டதெல்லாம்? எம்பொண்ணுக்கு இந்த மண்டபம் கிடைக்கணும், அவங்களும் பாவம் பொண்ணைப் பெத்தவங்க, அவங்களுக்கு இதைவிட நல்ல எடமா பார்த்துக் குடுன்னு கேட்டேனே. மெஷினுக்கா கேட்டேன்?"

"அதுக்கும் தனியா மண்டபம் கிடைச்சிடுச்சு பாய்" என்றார் நிரல் எழுதுபவர். "போட்டியே கிடையாது. ராத்திரி பகலா அங்கதான் இருக்கு."

பெண்ணின் அப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, தலைக்குமேல் இருந்த கண்ணாடியை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும். அதுவும் நல்லா இருக்கட்டும்" என்றார். "நீங்க மாடிக்குப் போங்க மேடம், எலை போட்டாச்சு. தம்பி, நீங்க இங்கயே ஒக்காருங்க."